பச்சைத் துணிச் சாவி

சாவிப் பலகையில் கை வைத்ததுமே டெய்லரக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சாவி காணாமல் போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். எல்லாச் சாவியும் இருந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மாவின் சாவியும் அதன் ஆணியில்தான் தொங்கியது. அதில் கட்டியிருந்த பச்சைப் பூத்துணியும் இருந்தது. முடிச்சு மட்டும் அவள் போட்டது இல்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள். தெருவில் திருட்டு அதிகமாகி, ஆளாளுக்குப் பூட்டுக்கு மேல் பூட்டாக வாங்கித் தொங்கவிட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஏட்டம்மா இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். வந்தவர் ஜீப்பில் சுற்றாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார். "பூட்டைப் பார்த்து எந்தத் திருடனும் பயப்பட மாட்டான். நாலு பேர் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் பயப்படுவான்" என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார். மாடி வீட்டு பேங்க்காரர் முதல் வாரமே ஒரு பூனைக்கு விசில் ஊதித் தெருவையே வாசலுக்கு வரவழைத்தார். அதெல்லாம் போகட்டும்.

ஏட்டம்மா செய்த இன்னொரு ஏற்பாடுதான் முக்கியம். ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் செருப்புக்குள்ளும் ஒளித்து வைக்கக் கூடாது. ஒரே வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வீட்டார் அவ்வப்போது போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்கள். அப்படி எப்போதும் வீட்டோடு இருக்கிற ஆள் யார்? முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் டெய்லரக்காதான்.

சாவியில் வீட்டு எண் எழுதி மாட்டினால் எவனாவது எடுத்துப் போய்ச் சுலபமாகத் திறந்துவிடுவான். அதனால் அவள் ஒரு யோசனை செய்தாள். எந்த வீட்டுக்கு என்ன தைத்தாளோ, அதில் மிச்சம் விழுந்த துணித்துண்டை அந்த வீட்டுச் சாவியில் நூலால் கட்டினாள். டீச்சரம்மாவின் ஜன்னல் திரையில் மிஞ்சியது பச்சைப் பூத்துணி. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குக் கோடு போட்ட தலையணை உறை. எது யார் வீட்டுச் சாவி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏட்டம்மாவே அதைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்க வேண்டிய ஆளு" என்றார். அன்றைக்கு முழுவதும் டெய்லரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு வீடு போனது. இரண்டிலும் பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மரியாதையாகப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவதாகப் போனது மருந்துக்கடைக்காரர் வீடு. அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த வேலைக்காரம்மாவைப் பிடித்துத் தள்ளியதில் பாவம், அந்த அம்மாவின் கை ஒடிந்தது. "நெட்டையா ஒருத்தன்... முகத்துல துணி கட்டியிருந்தான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த அம்மா சொன்ன இடத்தில்தான் போன வாரம் நாம் நின்றோம்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து டெய்லரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நாத்தனாரின் புருஷன் நெட்டையன். குனியாமல் எந்த வாசலிலும் நுழைந்தது கிடையாது. அடி தாங்காமல் நாத்தனார் அண்ணன் வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிறது. வந்தவள் கையில் ஒரு பைதான் இருந்தது. பெண் குழந்தையை அவன் பிடித்து வைத்துக்கொண்டான்.

டெய்லரக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முடிச்சுப் போட்டால் இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிடுவாள். இதில் நூலின் இரண்டு நுனியும் நீளமாகத் தொங்கின. சாவி வெட்டும் மிஷினில் துணியோடு சாவியை மாட்ட முடியாது. துணியை அவிழ்த்து, நகல் எடுத்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் நூலைக் கடிக்காமல் நீளமாக விடுகிற ஆள் ஒருத்திதான். நாத்தனார். கொக்கி தைக்கும்போது, "பல்லு கூசுது அண்ணி" என்று அப்படியே விட்டுவிடுவாள். துண்டுத்துணியைப் பார்த்து வீட்டைச் சொல்லக்கூடியவளும் அவள்தான். தெருவின் பாதித் துணிக்குக் கொக்கி தைத்தவள் அவள்.

"என்ன, காலங்காத்தால சாவிகிட்ட குசலம் விசாரிச்சுட்டு நிக்கறே?"

வீட்டுக்காரரின் குரல். டெய்லரக்கா சாவியைச் சட்டென்று ஆணியில் மாட்டினாள். அவர் பார்சல் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற வழியில் தைத்த துணிகளை வீடுகளில் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொள்வார்.

"மாடி வீட்டுது மேல இருக்கு. குழம்பிடாதீங்க."

"என்னைக்கு நான் குழம்பினேன்?"

"போன தடவை என்ன கொடுத்தீங்கன்னு கேட்டதுக்கு, துணின்னீங்க. என்ன துணின்னு கேட்டா, தைச்ச துணின்னீங்க."

வழக்கமாக இதற்கு அவர் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது. கொஞ்ச நாளாகவே மனிதர் சரியாகத் தூங்குவதில்லை. தங்கச்சி வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்ற கவலை, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் தங்கையைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த வாரத்துக்குள்ள உன் பொண்ணு உன் மடியில இருப்பா. பார்த்துக்கோ."

நாத்தனார் கையில் இருந்த துணி நழுவியது. "மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாராண்ணே?"

"நான் பேசிக்கறேன். நீ வேளா வேளைக்குச் சாப்பிடு."

யார் முகத்தையும் பார்க்காமல் அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

நாத்தனார் மஞ்சள் கவுன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இத்தனை மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல், ஓரத்தில் நிறையத் துணி விட்டு மடித்திருந்தாள். டெய்லரக்கா மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கக் கால் வரவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"இந்தச் சாவியெல்லாம் நமக்கு வேண்டாம் அண்ணி. ஏட்டம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. இன்னிக்கே கொடுத்துடுங்க."

"ஏன் திடீர்னு?"

"பயமா இருக்கு."

"யாரைப் பார்த்து?"

ஊசி விரலில் ஏறியது. நாத்தனார் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

டெய்லரக்கா குரலைத் தாழ்த்தினாள். "நான் வெளிய போயிருந்தப்போ அவன் இங்க வந்தானா?"

"ஐயையோ, இல்ல அண்ணி! அவர் எதுக்கு இங்க வரப்போறார்?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்கள்தான் அப்படி அவசரப்படுவார்கள் என்று டெய்லரக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பெண் வந்த அன்று அவள் முதுகில் இருந்த தடிப்புக்கு மருந்து போட்டதும் இதே கைதான். குழந்தையைக் காட்டுகிறேன் என்று அவன் ஆசை காட்டியிருப்பான், இவளும் சாவியைத் தூக்கிக் கொடுத்திருப்பாள். பெற்ற வயிறு என்னதான் செய்யாது?

அப்போது போன் அடித்தது. டீச்சரம்மா.

"டெய்லரம்மா, நான் ஊருக்குப் போகலை. ஸ்டேஷன் வரைக்கும் போனேன், நிக்க முடியலை. ஒரே ஜுரம். திரும்பி வந்துட்டேன்."

"எப்ப வந்தீங்க? நான் பார்க்கவே இல்லையே!"

"பின்கதவுச் சாவி எங்கிட்டதான் இருந்துது, அந்தப் பக்கமா வந்தேன். அதைத் திரும்பப் பூட்டக்கூடத் தெம்பில்லை. மாத்திரை போட்டிருக்கேன், கண்ணைச் சுத்துது. தூங்கப் போறேன். யாரும் வந்து தட்டாம பார்த்துக்குங்க."

போன் கட்டானது. டெய்லரக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். டீச்சரம்மா இன்று ஊருக்குப் போகிறார் என்று தெருவுக்கே தெரியும். ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை என்று தெரிந்தது அவள் ஒருத்திக்கு மட்டும்தான். காலி வீடு என்று நினைத்துக் கதவைத் திறக்கிறவன், உள்ளே கட்டிலில் ஒரு வயதான உயிரைப் பார்த்தால் என்ன செய்வான்? செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவளுக்கே கை போனது.

"யாரு அண்ணி போன்ல?"

"தப்பான நம்பர்."

முதல் தடவையாக நாத்தனாரிடம் பொய் சொன்னாள். பச்சைத் துணிச் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று வெளியே கிளம்பினாள்.

தெருமுனைக் காவல் அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுழலுவதற்கு யோசிக்கிற ஒரு மின்விசிறி. ஏட்டம்மா எழுந்து ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

டெய்லரக்கா உட்காரவில்லை. சாவியை மேஜையில் வைத்தாள். வைத்த பிறகும் அதிலிருந்து விரலை எடுக்கவில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நாத்தனார் இனி எந்த வீட்டுக்குப் போவாள்? தங்கையைப் போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்று கட்டின புருஷனே ஆயுசுக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல்லாமல் விட்டால் டீச்சரம்மா.

"முடிச்சு மாறியிருக்கு ஏட்டம்மா."

ஏட்டம்மா இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதில் இருந்த இரண்டு சாவிகளையும் பக்கத்தில் வைத்தார். ஏற்கெனவே திருட்டுப் போன வீடுகளின் சாவிகள். இரண்டிலும் துணி கட்டியிருந்தது. இரண்டிலும் நூல் நுனி நீளமாகத் தொங்கியது.

"இது நீங்க கட்டினதுன்னு நினைச்சுட்டேன்" என்றார் ஏட்டம்மா. "உங்களைக் கேட்டிருக்கணும். என் தப்பு."

டெய்லரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரம்மா ஜுரத்தோடு திரும்பி வந்து படுத்திருப்பதைச் சொன்னாள். நெட்டையனைப் பற்றிச் சொன்னாள். குழந்தையைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் நாத்தனாரைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது.

"போன ரெண்டு தடவையும் வீட்டுக்காரங்க கிளம்பின அன்னிக்கே நடந்திருக்கு" என்றார் ஏட்டம்மா. "மத்தியானம், தெரு அசந்திருக்கற நேரத்துல. இன்னிக்கும் அப்படித்தான் வருவான்."

"டீச்சரம்மாவை வெளிய கூட்டிட்டு வந்துடலாமே!"

"அவங்களா? எழுப்பினா முதல்ல என் மேலதான் பாய்வாங்க. ஜுரத்துல கிடக்கறவங்களை இழுத்துட்டு அலைய வேண்டாம். நான் பின்பக்கமா போய் அவங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். கூட ஒரு கான்ஸ்டபிள் இருப்பார்."

"அப்ப அவன் உள்ள வந்தா பிடிச்சுடுவீங்க."

"பிடிச்சுடுவேன்" என்றார் ஏட்டம்மா. சொன்னதில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. "ஆனா நான் இந்தத் தெருவுக்கு வந்தது ஆளைப் பிடிக்கறதுக்கு இல்ல டெய்லரம்மா. நடக்காம தடுக்கறதுக்கு. சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி விசில் சத்தம் கேட்டுதுன்னா, அவன் அடுத்த வீட்டு வாசல்ல நின்ன ஒரு ஆளு, அவ்வளவுதான். என்ன ஏதுன்னு உக்கார வெச்சுப் பேசலாம். கதவைத் திறந்து ஒரு காலை உள்ள வெச்சுட்டா அவன் திருடன். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"புரியுது."

"உங்க ஜன்னல்லேருந்து அந்த வாசல் நேரா தெரியும். நீங்க வழக்கம் போல மிஷின்ல உக்காருங்க. நாத்தனாரைக் கண் பார்வையிலேயே வெச்சுக்குங்க, ஒண்ணும் கேக்காதீங்க. மத்தவங்களுக்கு நான் சொல்லி அனுப்பறேன். புது ஆளு எவன் அந்தக் கேட்டைத் தொட்டாலும் முதல்ல பார்க்கறவங்க ஊதணும். சத்தம் கேட்டதும் எல்லாரும் ஊதணும்."

டெய்லரக்கா வீட்டுக்குத் திரும்பும்போது நூல் வாங்க மறந்துவிட்டாள். நாத்தனார் அண்ணியின் வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கவுனில் குனிந்தாள்.

மத்தியானம் வந்தது.

மற்ற நாளில் இந்த நேரத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. இன்று அங்கங்கே ஆட்கள் தென்பட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி ஏற்கெனவே துடைத்த கேட்டைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். பேங்க்காரர் மாடியில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். விசில் அவர் கழுத்தில் தயாராகத் தொங்கியது.

டெய்லரக்கா மிஷினில் ஏதோ ஒரு துணியை வைத்து ஓட்டினாள். ஒரே தையலின் மேல் திரும்பத் திரும்ப ஊசி ஏறி இறங்கியது. ஜன்னல் திரையின் இடைவெளியில் எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஏட்டம்மா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார். நாத்தனார் பக்கத்தில் கவுனுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

ஒரு நெட்டையன் வருவான். முகத்தில் துணி கட்டியிருப்பான். டெய்லரக்கா அந்த உருவத்தையே மனதில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர் வண்டி வந்து போனது. ஒரு குடைக்காரர் முகவரி விசாரித்துவிட்டுப் போனார். பேங்க்காரர் விசிலை வாய் வரை கொண்டுபோய்த் திரும்ப இறக்கினார்.

தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. மரத்து நிழலில் நின்றதால் ஆள் சரியாகத் தெரியவில்லை. எஞ்சினை அணைக்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் நடந்து வந்தார். டெய்லரக்காவுக்கு உயிர் வந்தது. அவள் வீட்டுக்காரர்.

நல்லவேளை, இந்த நேரத்தில் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருப்பது நல்லதுதான் என்று முதலில் நினைத்தாள். இத்தனை சீக்கிரம் ஏன் வருகிறார் என்று பிறகு நினைத்தாள்.

"என்ன சார், இன்னிக்கு அரை நாளா?" மாடியிலிருந்து பேங்க்காரர் கேட்டார்.

வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மருந்துக்கடைக்காரர் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டைத் துடைத்தார். யாரும் விசிலைத் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? தினமும் பார்க்கிற முகம். புது ஆளைப் பார்த்தால்தானே ஊத வேண்டும்.

அவர் தோளில் ஒரு மூட்டை இருந்தது. நேராகத் தன் வீட்டுக்கு வர வேண்டியவர், தெருவின் நடுவில் ஒரு கணம் நின்று எதிர்ப்பக்கம் திரும்பினார். டீச்சரம்மா வீட்டுக் கேட்டைத் திறந்தார். பார்த்தவர்களுக்கு அதிலும் வித்தியாசம் தெரியாது. தைத்த துணியைக் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

டீச்சரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய துணி எதுவும் இல்லை என்பது டெய்லரக்காவுக்குத் தெரியும்.

மிஷின் நின்றது. கேட்டைத் தாண்டி அவர் திரும்பியபோது முதுகில் கிடந்த மூட்டை தெரிந்தது. அதன் முடிச்சு தெரிந்தது. இரண்டு நுனியும் நீளமாக, இழுத்துப் பிடித்துத் தூக்க வசதியாகத் தொங்கின. பார்சல் ஆபீஸ் முடிச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கிற முடிச்சு. தெரு முழுவதற்கும் துணி கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். எந்தத் துணி எந்த வீட்டுக்குப் போனது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? சட்டை நிறம்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரெல்லாம் கேலி செய்ததும் அவள்தான்.

"அண்ணி."

நாத்தனார் எழுந்து அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"அன்னிக்கு நீங்க இல்லாதப்போ அண்ணன் பலகைகிட்ட நின்னு எதையோ அவுத்துட்டிருந்தார். நான் பார்த்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்வேன்? அதான் சாவியைத் திருப்பிக் கொடுத்துடுங்கன்னு..."

டெய்லரக்காவுக்கு அவளைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. காலையில் இந்தப் பெண்ணைத்தான் போலீசில் சொல்லிவிட்டு வந்தாள்.

எதிரில் அவர் கதவுக்கு முன்னால் நின்றார். பையில் கை விட்டார். சாவி வெயிலில் ஒரு தடவை பளபளத்தது. பூட்டின் வாயைத் தேடிக் கை தடுமாறியது. கள்ளத்தனம் பழகாத கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் டெய்லரக்காவுக்கு நெஞ்சு வெடித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏட்டம்மா. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டால் அவர் திருடன். இவள் ஊதினால் தெருவே பார்க்கும். பெண்டாட்டியே ஊதிக் காட்டிக்கொடுத்தாள் என்று காலம் முழுக்கப் பேசும். விசிலை உதட்டில் வைத்தாள். மூச்சு வரவில்லை. சாவி பூட்டுக்குள் நுழைந்துவிட்டது.

"திருப்பாதீங்க" என்று முனகினாள். "கடவுளே, திருப்பாதீங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

முதலில் அவள் விசில் மட்டும் கேட்டது. மறு நொடி மாடியிலிருந்து பேங்க்காரர் ஊதினார். மருந்துக்கடை வீடு, மூலை வீடு, இன்னும் எங்கெங்கோ இருந்தெல்லாம் சத்தம் கிளம்பியது. கண்ணைத் திறந்தபோது அவள் வீட்டுக்காரர் சாவியிலிருந்து கையை எடுத்திருந்தார். கதவு திறக்கவில்லை. சாவி திரும்பவில்லை. இரண்டு கையும் தொங்க, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை போல நின்றார்.

அவர் இவள் ஜன்னலைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். திட்டட்டும், சபிக்கட்டும், தலையைக் குனியட்டும் என்று காத்திருந்தாள். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை. தெருமுனையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

மரத்து நிழலில் நின்ற பைக் உறுமியது. அதை ஓட்டி வந்தவன் காலை ஊன்றி வண்டியைத் திருப்பினான். வெயிலுக்கு வந்ததும் அவன் உயரம் தெரிந்தது.

"வேண்டாம் மாப்பிள்ளை! நில்லுங்க! நில்லுங்க!" மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓட ஆரம்பித்தார்.

நாத்தனார் கவுனும் ஊசியுமாக வாசலுக்கு ஓடினாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவள் கவுனோடு கையைத் தெருமுனைப் பக்கம் நீட்டினாள்.

"அண்ணி! முன்னாடி என் குழந்தை உக்காந்திருக்கா! என் குழந்தை அண்ணி!"

டெய்லரக்காவும் பார்த்துவிட்டாள். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு சின்ன உருவம், தலையை இந்தப் பக்கம் திருப்பி, வாயைப் பெரிதாகத் திறந்திருந்தது. இந்த வீட்டைத் திறந்து கொடுப்பதற்கு அவன் பேசிய விலை இதுதான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"நிறுத்துங்க!" என்று அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஊதறதை நிறுத்துங்க!"

யார் காதிலும் விழவில்லை. ஏட்டம்மா சொல்லிக் கொடுத்தபடி வீட்டுக்கு வீடு ஊதிக்கொண்டிருந்தார்கள். பைக் முனை திரும்பி மறைகிற வரைக்கும் அந்தக் குழந்தை அழுதாளா, அம்மா என்று கூப்பிட்டாளா, எதுவுமே கேட்கவில்லை.